ஜீப் வாங்கு முன் தராசைக் கையில் எடுங்கள்



சென்ற வருடம் நோன்புக்குச் சில வாரங்களுக்கு முன்னர், ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு தம்பதியர் என் வீட்டுக்கு வந்தனர். அந்தச் சகோதரி சிறு வயதில் என்னிடம் குர்ஆன் மத்ரஸாவில் ஓதியவர். திருமணமாகிக் கற்பிட்டிப் பக்கம் போய்விட்டார். கணவர் ஒரு ஃபைபர் படகு வைத்துத் தொழில் செய்கிறார். நவம்பர் முதல் ஏப்ரல் வரை கற்பிட்டியில் டொல்ஃபின் பார்க்க வருவோரைக் கடலுக்கு அழைத்துச் செல்வார். மேற்குக் கடல் கொந்தளிக்கத் தொடங்கியதும் படகைத் திருகோணமலைக்குக் கொண்டுபோய், நிலாவெளியிலே மே முதல் செப்டம்பர் வரை அதே தொழில்.

“மௌலவி, படகை இழுக்க ஜீப் ஒன்று வாங்கப் போறாராம். இவர் சொல்றார் கரண்டிலயும் ஓடுற ஹைபிரிட் ஜீப்தான் நல்லம், பெற்றோல் செலவே இல்லை என்று. என்ட நானா சொல்றார், பாரம் இழுக்கிறதுக்கு டீசலை விட்டா வேற ஒன்றும் சரிவராது என்று. கையில இருக்கிற காசு போதாது. மிச்சத்துக்கு லீசிங் போடோணும், இல்லாட்டி என்ட நகையை விக்கோணும். நீங்க ஒரு தீர்ப்புச் சொல்லுங்க” என்றார் அந்தச் சகோதரி.

வாகனத்தைப் பற்றி மௌலவிக்கு என்ன தெரியும் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அவர் கைகளில் கிடந்த வளையல்களைப் பார்த்தபோது, இது வாகனப் பிரச்சினை மட்டுமல்ல என்பது விளங்கியது. எனவே ஒரு கொப்பியையும் பேனையையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அன்று போட்ட கணக்கை உங்கள் முன்னும் வைக்கிறேன். உங்கள் வீட்டில் படகு இல்லாதிருக்கலாம். ஆனால் “எந்த வாகனம்?” என்ற பேச்சு எழாத வீடு இன்று குறைவு.

இரண்டு வாயுள்ள வண்டி

முதலில் இந்தப் புதுவகை ஹைபிரிட் என்னவென்று விளங்கிக்கொள்வோம். சாதாரண ஹைபிரிட் கார் தன் பற்றரியைத் தானே நிரப்பிக்கொள்ளும். ‘பிளக்-இன்’ ஹைபிரிட் என்பது அதைவிடப் பெரிய பற்றரியோடு வருவது. வீட்டுச் சுவரிலுள்ள மின்சாரத்தில் வயர் கொடுத்து நிரப்பலாம். அந்த மின்சாரம் தீரும்வரை பெற்றோல் பெரும்பாலும் தேவைப்படாது. தீர்ந்ததும் பெற்றோல் எஞ்சின் வேலைக்கு வரும். அதாவது உணவு உண்ண இரண்டு வாயுள்ள வண்டி.

நமது நாட்டு வீதிகளில் ஓடும் இவ்வகை ஜீப்களில் ஒன்று மிட்சுபிஷி அவுட்லேண்டர். 2013 ஜனவரியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. முதல் வந்தவற்றில் 12 யூனிட் கொள்ளும் பற்றரி, முன் சில்லுகளுக்கு ஒன்றும் பின் சில்லுகளுக்கு ஒன்றுமாக இரண்டு மின் மோட்டார்கள், கூடவே 2000 சீசீ பெற்றோல் எஞ்சின். நமது வீட்டு மின்சாரத்தில் நிரப்பி முடிய ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் எடுக்கும். நிரப்பினால் 50 கிலோமீற்றருக்கு மேல் ஓடும் என்று கம்பனி சொன்னாலும், ஏசி போட்டு, நின்று நின்று ஓடும் பழைய வண்டியில் 30 கிலோமீற்றர் கிடைத்தால் அல்ஹம்துலில்லாஹ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பாரத்துக்கு வருவோம். ஒரு லீற்றர் டீசலுக்குள் ஏறத்தாழ பத்து யூனிட் சக்தி அடங்கியிருக்கிறது. எஞ்சின் அதில் பெரும்பகுதியைச் சூடாகவும் புகையாகவும் வெளியே விட்டுவிடும். மூன்றில் ஒரு பங்கு அளவே சில்லைச் சுழற்றப் போகும். மின் மோட்டாரோ தனக்குக் கிடைத்ததில் மிகக் கொஞ்சத்தையே வீணாக்கும். இந்தச் சிக்கனம்தான் அதன் பெருமை. ஆனால் 12 யூனிட் பற்றரி முழுவதையும் சேர்த்துப் பார்த்தாலும் அது இரண்டரை, மூன்று லீற்றர் டீசல் செய்யும் வேலையைத்தான் செய்யும். அவ்வளவுதான் அதன் பானை!

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வர அந்தப் பானை தாராளம். ஒரு படகைக் கட்டிக்கொண்டு கற்பிட்டியிலிருந்து புத்தளம், அநுராதபுரம் வழியாகத் திருகோணமலைக்குப் போனால்? ஏறத்தாழ 220 கிலோமீற்றர் தூரத்தில், முதல் இருபது கிலோமீற்றருக்குள்ளேயே பானை காலி. மீதி இருநூறு கிலோமீற்றரும் பெற்றோல் எஞ்சின், பற்றரியின் பாரத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு படகை இழுக்க வேண்டும். “பெற்றோல் செலவே இல்லை” என்ற பேச்சு அந்த இடத்தில் முடிந்துவிடுகிறது.

கொப்பியில் போட்ட கணக்கு

எண்ணெய் விலையும் மின்கட்டணமும் மாறிக்கொண்டிருப்பவை. ஆகவே கணக்குக்கு வசதியாகப் பெற்றோலும் டீசலும் லீற்றர் 300 ரூபா என்றும், மின்சாரம் யூனிட் 70 ரூபா என்றும் வைத்துக்கொண்டோம். நீங்கள் உங்கள் மாதத்து விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். கணக்கின் வழி ஒன்றுதான்.

அந்தக் குடும்பத்தின் அன்றாட ஓட்டம் நாளுக்கு 40 கிலோமீற்றர். பள்ளிக்கூடம், கடை, உம்மாவின் கிளினிக், கடற்கரை எல்லாம் அதில் அடங்கும். மாதத்தில் 26 நாட்கள்.

பெரிய டீசல் ஜீப் லீற்றருக்கு 9 கிலோமீற்றர் ஓடினால், நாளுக்கு நாலரை லீற்றர் அளவு. செலவு 1,333 ரூபா.

பிளக்-இன் ஹைபிரிட்டில் 30 கிலோமீற்றர் மின்சாரத்தில். யூனிட்டுக்கு 4 கிலோமீற்றர் என்றால் ஏழரை யூனிட், 525 ரூபா. மீதிப் பத்துக் கிலோமீற்றர் பெற்றோலில், லீற்றருக்கு 12 என்றால் 250 ரூபா. மொத்தம் 775 ரூபா.

நாளுக்கு 558 ரூபா மிச்சம். மாதம் 14,500. வருடத்துக்கு ஒரு இலட்சத்து எழுபத்து நான்காயிரம்! கணவரின் முகம் மலர்ந்தது.

“சரி, படகை இழுப்பது வருடத்தில் எத்தனை நாள்?” என்று கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. கரையில் படகை இறக்கி ஏற்றுவது கூலி உழவு இயந்திரம். திருகோணமலைக்குப் போக ஒரு தடவை, வர ஒரு தடவை. திருத்த வேலைக்குப் புத்தளம் போய் வருவது ஒன்பது தடவை. ஆக, வருடத்தில் பதினொரு நாட்கள். 1,250 கிலோமீற்றர்.

பாரம் இழுக்கும்போது டீசல் ஜீப் லீற்றருக்கு 8 கிலோமீற்றரும், ஹைபிரிட் பெற்றோலில் 7 கிலோமீற்றரும் ஓடும் என்று வைத்தோம். டீசலுக்கு வருடத்தில் 46,900 ரூபா. ஹைபிரிட்டுக்கு 53,600 ரூபா. வித்தியாசம் 6,700 ரூபா மட்டுமே!

இதிலுள்ள பாடத்தைக் கவனியுங்கள். “இழுவைக்கு டீசல்தான் சிக்கனம்” என்று நானா சொன்னது பொய்யல்ல. ஆனால் பதினொரு நாள் சிக்கனத்துக்காக முன்னூறு நாள் செலவைக் கூட்டிக்கொள்வதா? அதே வேளை, வாரத்தில் நான்கு நாள் தூர இடங்களுக்குப் பாரம் இழுப்பவர், வீட்டுப் பிளக்கில் வண்டியைப் போட நேரமே கிடைக்காதவர் என்றால் கணக்கு தலைகீழாகும். அவருக்கு அந்தப் பற்றரி வெறும் சுமை. அவருக்கு டீசலே பொருத்தம். எனவே எது நல்ல வண்டி என்று கேட்காதீர்கள். நம்முடைய நாட்கள் எப்படிப்பட்டவை என்று கேளுங்கள்.

மறைந்திருக்கும் செலவுகள்

மலர்ந்த முகத்தை வாடச் செய்யும் பகுதிக்கு இனி வருகிறேன்.

முதலாவது, மின்கட்டணம். நமது நாட்டில் வீட்டு மின்சாரம் படிப்படியாக விலை ஏறும் முறையில் இருக்கிறது. ஏற்கெனவே ஃபிரிஜ், ஃபேன், அயன் எல்லாம் கீழ்ப்படிகளை எடுத்துக்கொண்டுவிடும். வண்டி குடிக்கும் யூனிட்கள் மேல்படியில்தான் விழும். நாளுக்கு ஏழரை யூனிட் என்றால் மாதம் 195 யூனிட். ஆகவே சென்ற மாத பில்லை யூனிட்டால் பிரித்துச் சராசரி பார்க்காதீர்கள். மேல்படியின் விலையைப் பாருங்கள். நேரத்துக்கு ஏற்பக் கட்டணம் அறவிடும் முறையொன்றும் உண்டு. அதில் இரவு 10.30 முதல் அதிகாலை 5.30 வரை மலிவு. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை மிகக் கூடிய விலை. அம்முறைக்கு மாறுபவர் மஃரிபுக்கு வந்த கையோடு வண்டியைப் பிளக்கில் போட்டால் கைப்பொருள் கரையும். உறங்கப் போகும்போது போட்டால் ஸுபஹுக்கு எழும்பும்போது நிரம்பியிருக்கும். ஆனால் சமையலும் அயன் வேலையும் அதே மானியில்தான் ஓடுகின்றன. எனவே இந்த மாற்றம் வீட்டுப் பெண்ணின் கையில்தான் இருக்கிறது. கூரையில் சூரிய மின்சாரம் உள்ள வீட்டுக்கு இக்கணக்கு இன்னும் இலகுவாகும்.

இரண்டாவது, பற்றரி. இதுவே பெரிய செலவு. பற்றரியும் மனிதனைப் போல முதுமையடைகிறது. பத்து வருடப் பழைய வண்டியில் பற்றரியின் பலம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று கணினி கொண்டு பரிசோதிக்காமல் வாங்குவது, கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றங்கரையில் நடப்பது போன்றது. பற்றரி மாற்ற 15 இலட்சம் என்று கராஜில் சொன்னால், நாம் கணக்கிட்ட மிச்சத்தில் ஒன்பது வருடத்துச் சேமிப்பும் ஒரே நாளில் போய்விடும். ஆகவே வண்டி வாங்குமுன் பற்றரி மாற்றும் விலையைக் கேட்டு, அது இன்னும் எத்தனை வருடம் உழைக்கும் என்பதால் வகுத்து, அத்தொகையை வருடச் செலவில் சேருங்கள். டீசல் வண்டியும் குற்றமற்றதல்ல. டர்போவும் இன்ஜெக்டரும் பழுதானால் அவற்றின் செலவும் இலட்சக்கணக்கில் வரும். இரண்டுக்கும் ஒரே தராசைப் பிடியுங்கள்.

மூன்றாவது, இழுக்கும் அளவு. அவுட்லேண்டர் பிளக்-இன் ஹைபிரிட் இழுக்கக்கூடியது, பிரேக் உள்ள ட்ரெய்லராக இருந்தால் 1,500 கிலோ என்று ஐரோப்பாவில் கம்பனி எல்லை வைத்தது. பிரேக் இல்லாத ட்ரெய்லருக்கு 750 கிலோதான். டொயோட்டா ராவ்4 பிளக்-இன் ஹைபிரிட்டுக்கும் 1,500 கிலோவே. டீசல் ப்ராடோ போன்ற பெரிய ஜீப்புக்கு 3,000 கிலோ. “படகின் நிறை என்ன?” என்று கேட்டேன். தெரியாது என்றார் கணவர். மறுவாரம் லொறி நிறுக்கும் தராசில் ஏற்றிப் பார்த்தபோது ட்ரெய்லரோடு 1,180 கிலோ. அந்த ட்ரெய்லருக்கோ பிரேக் இல்லை! ஜப்பானில் உள்நாட்டுப் பாவனைக்குச் செய்யப்பட்ட வண்டிகளில் இழுவைக் கொக்கியும் பெரும்பாலும் இருப்பதில்லை. அதை இங்கே பொருத்துவதும் ஒரு செலவு. அறிந்தவர் கையால் பொருத்த வேண்டிய வேலை.

சகோதரிகளே, இதை இலேசாக எண்ணாதீர்கள். சுமை சுமக்கும் ஒட்டகத்தைப் பட்டினி போட்டு, சக்திக்கு மேல் வேலை வாங்கியவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். வாயில்லாப் பிராணிக்கே அந்த நீதி என்றால், பின்னால் 1,180 கிலோவைக் கட்டிக்கொண்டு, முன்னால் மனைவி மக்களை உட்காரவைத்து, பிரேக் பிடித்தால் நிற்குமா என்று தெரியாமல் ஓடுவது எவ்வளவு பெரிய அலட்சியம்! லீற்றரில் மிச்சம் பிடிப்பது உயிருக்குப் பின்னர்தான்.

நான்காவது, கடல். கரையில் பின் சில்லு நனைய வண்டியைத் தண்ணீருக்குள் இறக்குவது பலரின் வழக்கம். உப்புத் தண்ணீர் எந்த வாகனத்தையும் தின்னும். பின்பக்கம் மின் மோட்டார் உள்ள வண்டியை அப்படி இறக்குவது புத்திசாலித்தனமல்ல.

2022 நமக்குக் காட்டியது

இன்னொரு பக்கத்தையும் நீதியாகச் சொல்ல வேண்டும். 2022 ஆம் வருடத்தை நாம் மறக்கவில்லை. அந்த ஜூன் மாத இறுதியில் பெற்றோல் 470 ரூபா, டீசல் 460 ரூபா. நாட்கணக்கில் வரிசை. ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர். வீட்டு மின்சாரத்திலும் ஓடக்கூடிய வண்டி வைத்திருந்தவருக்கு அன்று அது ஒரு ரஹ்மத். ஆனால் அதே வருடம் மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றதையும், அந்த ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் பெரிதாக ஏறியதையும் நாம் கண்டோம். ஒரு கிணறு வற்றினால் மறு கிணற்றில் அள்ளலாம் என்பது நன்மை. இரண்டும் ஒன்றாக வற்றாது என்று எவரும் உத்தரவாதம் தர முடியாது.

வளையலின் கணக்கு

கடைசியாக, அந்தச் சகோதரி கேட்காமல் கேட்ட கேள்விக்கு வருகிறேன். மஹரும் மனைவியின் நகையும் அவளுடைய சொத்து. அவள் மனமுவந்து கொடுத்தாலன்றி அதில் கணவனுக்கு உரிமையில்லை. வெட்கத்தினாலோ, மாமியின் பேச்சுக்குப் பயந்தோ கழற்றிக் கொடுப்பது மனமுவந்து கொடுத்ததாகாது. கடனாகக் கொடுப்பதாயின், ஸூரத்துல் பகரா கடனை எழுதி வைக்கும்படி நமக்குப் போதிக்கிறது. கணவன் மனைவி என்பதற்காக அந்தப் போதனை நீங்கிவிடாது. எழுதுவது சந்தேகத்தின் அடையாளமல்ல. அன்பைப் பாதுகாக்கும் வேலி.

லீசிங்கைப் பற்றியும் பேசினோம். வட்டி ஹராம் என்பதை நான் உங்களுக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. கணக்காகவும் பாருங்கள். 30 இலட்சம் ரூபாவை நூற்றுக்கு 15 வீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு எடுத்தால், முதல் வருட வட்டி மட்டும் நான்கு இலட்சத்தைத் தாண்டும். எரிபொருளில் மிச்சம் பிடிப்பதோ ஒன்றே முக்கால் இலட்சம்! மிச்சம் பிடிக்க வாங்கிய வண்டி மிச்சத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தின்றுவிடுகிறது. வட்டியில்லா முறையில் வாங்க வழியிருந்தால் அதன் நிபந்தனைகளை எழுத்தில் பெற்று, அறிந்த உலமாக்களிடம் காட்டி, மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையும் இதே கொப்பியில் போட்டுப் பாருங்கள். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைக்காலத்தில் பழைய வண்டிகளின் விலை எங்கே போனது என்பதை நீங்கள் அறிவீர்கள். அவசரப்பட்டு வாங்கியவர் அந்த விலையை இன்னும் சுமக்கிறார்.

கடைசியில் நான் ஒன்று கேட்டேன்: “புத்தளத்து வேலைக்கு மெக்கானிக்கைக் கற்பிட்டிக்கே வரவழைக்க முடியாதா? வருடத்தில் இரண்டு தடவை திருகோணமலைக்குக் கொண்டுபோக லொறிக்கு என்ன கூலி?” கணவர் சற்று யோசித்துவிட்டு, ஒரு தடவைக்கு 40,000 ரூபா வரும் என்றார். வருடத்துக்கு 80,000. பல இலட்சம் கடனுக்கும் ஒரு பெண்ணின் வளையலுக்கும் முன்னால் அது எவ்வளவு சிறிய தொகை! “அப்படியென்றால் ஜீப் எதற்கு?” என்று மனைவி கேட்டார். கணவர் சிரித்துவிட்டார். “ஜீப் என்றா ஒரு மதிப்புத்தானே” என்றார் உண்மையாகவே. உண்மையை ஒத்துக்கொள்வதும் ஈமானின் அழகுதான். மதிப்புக்காக வாங்குவதைத் தேவைக்காக வாங்குவதாகக் கணக்கில் எழுதும்போதுதான் இஸ்ராஃப் நம் வீட்டுக்குள் நுழைகிறது.

நீங்கள் செய்ய வேண்டியது

உங்கள் வீட்டிலும் இப்பேச்சு நடக்கிறதா? ஒரு மாதம் பொறுங்கள். ஒரு கொப்பியில் தினமும் ஓடிய கிலோமீற்றர், ஊற்றிய எண்ணெய், பாரம் இழுத்த நாள் ஆகியவற்றை எழுதுங்கள். மின்சார பில்லில் மேல்படி விலையைப் பாருங்கள். இழுக்கும் பாரத்தைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். வண்டியின் கையேட்டில் இழுவை எல்லையை வாசிக்கச் சொல்லுங்கள். பற்றரியைப் பரிசோதிக்க விடாத விற்பனையாளரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பிளக்-இன் வாங்கினால் நல்ல மின்வேலைக்காரரைக் கொண்டு தனி வயர் இழுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் விளையாடும் விறாந்தையில் நீட்டு வயர் போட்டு இரவு முழுவதும் சார்ஜ் செய்யாதீர்கள். பின்னர் கணவரோடு அமர்ந்து மஷூறா செய்து, இஸ்திகாரா தொழுது முடிவெடுங்கள்.

அந்தத் தம்பதியர் அவ்வருடம் ஜீப் வாங்கவில்லை. ஏப்ரல் இறுதியில் படகு லொறியில் திருகோணமலைக்குப் போனது. பழைய வேன் இன்னும் ஓடுகிறது. பற்றரி நல்ல நிலையிலுள்ள ஒரு வண்டி கைக்காசுக்குக் கிடைத்தால் வாங்குவோம் என்று காசு சேர்க்கிறார்கள். சென்ற ஹஜ்ஜுப் பெருநாளுக்கு என் வீட்டுக்கு வந்த அந்தச் சகோதரியின் கைகளில் வளையல்கள் அப்படியே இருந்தன.

வல்ல அல்லாஹ் நமது சம்பாத்தியத்தில் பரக்கத்தையும், செலவில் நிதானத்தையும், வீடுகளில் ஒற்றுமையையும் தந்தருள்வானாக. ஆமீன்.